மாஸ்டர்பிளெண்ட் 4-18-38 சத்துத்தூள்: நோய்க் கணக்கில் தேறுமா?

மாஸ்டர்பிளெண்ட் தண்ணீரில் கரைக்கும் சத்துத்தூள்; 4-18-38 என்பது அதிலுள்ள நைட்ரஜன், பாஸ்பேட், பொட்டாஷ் விழுக்காடு. மண்ணில்லாமல் காய்கறி வளர்ப்பவர்கள் இந்தத் தூளைப் பேசும்போது விளைச்சலையும் இலையின் பச்சையையும்தான் பேசுகிறார்கள். இங்கே பார்ப்பது வேறு. இந்தத் தூளைக் கலக்கிய கரைசலில் நிற்கும் செடிக்கு வேரழுகல், வாடல், இலை நோய், நுனிக் கருகல் வரும் வாய்ப்பு கூடுமா, குறையுமா? சத்துப் பொட்டலத்தின் மேல் இதைப் பற்றி ஒரு வரிகூட அச்சிடப்படுவதில்லை. ஆனால் தொட்டியில் ஊற்றும் ஒவ்வொரு உப்பும் செடியின் திசுவையும் வேரைச் சுற்றியுள்ள நுண்ணுயிர்களையும் மாற்றுகிறது.

தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடலாம். அடித்தளமாக இது நல்ல சரக்கு. அதற்குக் காரணம் அதில் இருக்கும் எந்தத் தனிப் பொருளும் அல்ல. கால்சியமும் மெக்னீசியமும் தனித்தனிப் பொட்டலமாக நம் கையில் இருப்பதுதான். ஆனால் எங்கும் சொல்லப்படும் நிலையான அளவை எல்லாப் பயிருக்கும் அப்படியே போட்டால், நோய்க்கு வாசல் திறக்கும் இரண்டு மூன்று இடங்கள் அதில் இருக்கின்றன.

முதலில் அந்த நிலையான அளவு. ஒரு அமெரிக்க காலனுக்கு, அதாவது 3.785 லிட்டருக்கு, மாஸ்டர்பிளெண்ட் 2.4 கிராம், கால்சியம் நைட்ரேட் 2.4 கிராம், எப்சம் உப்பு (மெக்னீசியம் சல்பேட்) 1.2 கிராம். நம் வசதிக்கு 100 லிட்டர் என்று வைத்துக்கொண்டால் 63 கிராம், 63 கிராம், 32 கிராம். கணக்குப் போட்டால் லிட்டருக்கு நைட்ரஜன் சுமார் 123 மி.கி., பாஸ்பரஸ் 50, பொட்டாசியம் 200, கால்சியம் 120, மெக்னீசியம் 34, இரும்பு 2.5 மி.கி. கிடைக்கிறது. துத்தநாகமும் தாமிரமும் தலா 0.3 மி.கி., போரான் 1.27 மி.கி. இந்த எண்களை வைத்துத்தான் மீதிப் பேச்செல்லாம்.

கலக்கும் வரிசை மாறினால் மற்ற எதுவும் பயன்படாது. முழுத் தண்ணீரில் முதலில் மாஸ்டர்பிளெண்ட், அது தெளிந்த பிறகு எப்சம் உப்பு, கடைசியாக, தனியே கரைத்த கால்சியம் நைட்ரேட். அடர்கரைசலாக வைக்க விரும்பினால் ஒரு புட்டியில் லிட்டருக்கு 63 கிராம் மாஸ்டர்பிளெண்டும் 32 கிராம் எப்சமும், இன்னொன்றில் லிட்டருக்கு 63 கிராம் கால்சியம் நைட்ரேட்டும் கரைத்து, ஒவ்வொன்றிலிருந்தும் லிட்டருக்கு 10 மி.லி. எடுக்கலாம். இரண்டு அடர்கரைசல்களும் நேருக்கு நேர் சந்தித்தால் கால்சியம் பாஸ்பேட்டாகவும் ஜிப்சமாகவும் வெள்ளையாகப் படிந்துவிடும். படிந்த கால்சியம் செடிக்குக் கிடைக்காது. கரைசலின் உப்படர்த்தியை மின்கடத்தலால் அளக்கும் இ.சி. மீட்டர் கொஞ்சம் குறைவாகக் காட்டும், அவ்வளவுதான். பத்து நாள் கழித்து சாலட் கீரையான லெட்டூஸின் உள்ளிலை ஓரம் கருகும்போது யாருக்கும் அந்த வெள்ளைப் படிவு நினைவுக்கு வராது. ஒரே புட்டியில் எல்லாம் அடங்கியது என்று விற்கப்படும் அடர்திரவங்களில் சந்தேகம் வைக்க வேண்டிய இடமும் இதுதான். அடர்ந்த நிலையில் கால்சியமும் பாஸ்பேட்டும் சேர்ந்து நிற்காது என்பதால், ஏதோ ஒன்று அதில் குறைவாகத்தான் இருக்கும்.

இன்னொரு சின்ன விஷயம்: மாஸ்டர்பிளெண்ட் பல உப்புகளின் உலர் கலவை. பையின் அடியில் நுண்தூள் தங்கும். மேலிருந்து ஐந்து கிராம் அள்ளி ஒரு வாளிக்குப் போட்டால் நுண்சத்து விகிதம் பிசகலாம். பையை நன்றாகப் புரட்டிவிட்டு எடுப்பதும், அரை கிலோவாவது ஒரே தடவையில் அடர்கரைசலாக்குவதும் பாதுகாப்பு. கால்சியம் நைட்ரேட் காற்றிலிருந்து ஈரம் இழுக்கும். கட்டிபட்ட பொட்டலத்தில் எடை போட்டால் தண்ணீரையும் சேர்த்தே எடை போடுகிறோம். காற்றுப் புகாத டப்பா கட்டாயம்.

கால்சியம்: இந்தக் கலவையின் பலவீனம்

செல்லுக்கும் செல்லுக்கும் நடுவில் இருக்கும் பெக்டின் பசையைக் கட்டிப் பிடிப்பது கால்சியம். பொட்ரைடிஸ் பூசணமும் மென்னழுகல் பாக்டீரியாவும் திசுவுக்குள் நுழைவதே அந்தப் பெக்டினைக் கரைக்கும் நொதிகளைக் கொண்டுதான். கால்சியம் நிறைந்த சுவர் அந்த நொதிகளுக்கு எளிதில் இளகாது. தக்காளியில் ரால்ஸ்டோனியா பாக்டீரியா வாடலும் கால்சியம் போதிய அளவு கிடைக்கும் செடியில் கடுமை குறைகிறது.

நிலையான அளவில் பொட்டாசியம் 200, கால்சியம் 120. அதாவது ஒன்றேமுக்கால் பங்குக்குச் சற்றுக் குறைய ஒரு பங்கு. வேரில் இரண்டும் போட்டியிடும். பொட்டாசியம் எளிதாக வெல்லும். வேகமாக வளரும் லெட்டூஸுக்கு இது தகாது. லெட்டூஸின் நுனிக் கருகல் கிருமியால் வருவதில்லை. ஆனால் கருகிய அந்த ஓரத்தில்தான் பொட்ரைடிஸும் பாக்டீரியாவும் குடியேறுகின்றன. தக்காளியின் காய் நுனி அழுகலும் இதே கதை: முதலில் கால்சியம் போதாமல் திசு சாகிறது, பிறகு கறுப்புப் பூசணம் ஏறுகிறது. பூசணத்தைப் பார்த்துவிட்டு மருந்து தேடுவது வீண்.

எனவே லெட்டூஸுக்கும் மற்ற இலைக்காய்கறிகளுக்கும் லிட்டருக்கு மாஸ்டர்பிளெண்ட் 0.5 கிராம், கால்சியம் நைட்ரேட் 0.6 கிராம், எப்சம் 0.25 கிராம் என்று மாற்றிக்கொள்வது நல்லது. பொட்டாசியம் 158, கால்சியம் 114, நைட்ரஜன் 113 ஆகிறது. தக்காளிக்குக் காய் பிடித்த பிறகு 0.63, 0.85, 0.35 கிராம். கால்சியம் 161, நைட்ரஜன் 157 வரும். பழம் நிறைய இருக்கும் கட்டத்தில் பொட்டாசியம் சல்பேட் 0.15 கிராம் சேர்த்தால் பொட்டாசியம் சுமார் 60 மி.கி. கூடும். இவையெல்லாம் உப்பில்லாத தண்ணீருக்கான கணக்கு. கடினநீரில் ஏற்கெனவே இருக்கும் கால்சியத்தையும் மெக்னீசியத்தையும் சோதித்துக் கழிக்க வேண்டும்.

கால்சியம் நீராவிப்போக்கோடு மட்டுமே மேலே ஏறும். பழைய இலையிலிருந்து புதிய இலைக்கு நகராது. காற்றோட்டமில்லாத, ஈரம் தேங்கிய கூடத்தில் கரைசலில் 200 மி.கி. இருந்தாலும் சுருண்ட உள்ளிலைக்குப் போய்ச் சேராது. அங்கே தேவை மேலிருந்து கீழ்நோக்கி வீசும் ஒரு விசிறி. இந்த இடத்தில் சத்துத்தூளைக் குறை சொல்ல முடியாது.

நைட்ரஜன் எவ்வளவு என்பதோடு எந்த வடிவம் என்பதும்

இந்தக் கலவைக்கு நல்ல மதிப்பெண் கிடைக்கும் இடம் இது. கால்சியம் நைட்ரேட்டிலிருந்து வரும் அம்மோனியம் லிட்டருக்கு சுமார் 7 மி.கி. நைட்ரஜன்தான், மீதி அனேகமாக நைட்ரேட். அம்மோனியம் கூடினால் கால்சியம் உறிஞ்சுவது தடைப்படும், வேர்ச்சூழல் அமிலமாகும், ஃபியூசேரியம் என்ற பூஞ்சையால் வரும் வாடல் கடுமையாகும். நைட்ரேட் மிகுந்து பி.எச். சற்று உயர்ந்தால் ஃபியூசேரியம் வாடல் தணியும் என்பது தக்காளியில் நீண்ட காலமாகத் தெரிந்த செய்தி. வெர்டிசிலியம் என்ற இன்னொரு பூஞ்சையின் வாடலில் இது தலைகீழாகத் திரும்பும். ஆகவே எல்லா நோய்க்கும் நைட்ரேட் நல்லது என்று பொதுவாகச் சொல்லிவிட முடியாது.

அளவிலும் அப்படியே. நைட்ரஜன் கூடினால் நோய் கூடும் என்று ஒரு பொது நம்பிக்கை உண்டு. 2000-ஐ ஒட்டி வெளிவந்த தக்காளி ஆய்வுகளில் நைட்ரஜன் கூடியபோது சாம்பல் நோயும் சூடோமோனாஸ் சிரிஞ்சே பாக்டீரியா நோயும் கூடின, பொட்ரைடிஸ் குறைந்தது, ஃபியூசேரியம் வாடலில் மாற்றமே இல்லை. எந்த நோய் தொல்லை தருகிறது என்று தெரியாமல் நைட்ரஜனைக் குறைப்பதும் கூட்டுவதும் குருட்டு வேலை. சாம்பல் நோய் அடிக்கடி வரும் வெள்ளரிக்கு 120 முதல் 150 மி.கி.க்குள் நிறுத்துவது நியாயமான இடம்.

வேரழுகல்: சத்து செய்வதும் செய்யாததும்

மண்ணில்லா வளர்ப்பில் அதிகம் அழிப்பது பித்தியம். இது உண்மையான பூஞ்சை அல்ல; நீரில் வாழும் வேறொரு குலம். நீந்தும் வித்துகளை விட்டு, ஒரே தொட்டியில் சுற்றும் கரைசல் வழியே வரிசை முழுவதற்கும் பரவும். பித்தியம் அஃபானிடெர்மேட்டம் வெதுவெதுப்பான கரைசலை விரும்பும். 25 டிகிரிக்கு மேல் போகப்போக அதன் கை ஓங்கும்.

எந்த உப்புக் கலவையும் பித்தியத்தைக் கொல்லாது. மாஸ்டர்பிளெண்டும் கொல்லாது. அது செய்யும் நல்லது ஒன்றுண்டு: அதில் கரிமப் பொருள் கிட்டத்தட்ட இல்லை. வெல்லப்பாகு, கடற்பாசிச் சாறு, மீன் அமிலம் போன்றவற்றைச் சுழலும் தொட்டியில் ஊற்றினால் பாக்டீரியா பெருகி, குழாய்ச் சுவரில் வழவழப்பான படலம் கட்டி, வேருக்குச் சேர வேண்டிய ஆக்சிஜனைத் தின்றுவிடும். வெறும் உப்பில் கலக்கிய கரைசல் அந்த விருந்தை வைப்பதில்லை. இதே காரணத்தால் பி.எச். இறக்க எலுமிச்சை உப்பு எனப்படும் சிட்ரிக் அமிலத்தைப் பயன்படுத்துவது தவறு. நுண்ணுயிர்கள் அதை உண்டு தீர்த்ததும் பி.எச். பழைய இடத்துக்கே ஏறிவிடும், படலம் மட்டும் மிச்சம். பாஸ்பாரிக் அமிலம் அல்லது நைட்ரிக் அமிலம் போதும். கையுறை, கண்ணாடி போட்டு, தண்ணீரில் அமிலத்தை ஊற்றி நீர்க்க வேண்டும். அமிலத்தில் தண்ணீர் ஊற்றக் கூடாது.

ஆக்சிஜன் கணக்கு எளிது, ஆனால் கொடியது. நல்ல நீரில் 20 டிகிரியில் லிட்டருக்கு 9.1 மி.கி. கரையும், 25-இல் 8.3, 30-இல் 7.6. சூடு ஏறும்போது வேரின் மூச்சுத் தேவை கூடுகிறது, கிடைப்பதோ குறைகிறது. மூச்சுத் திணறும் வேரின் நுனியில்தான் பித்தியம் முதலில் ஒட்டும். லெட்டூஸ் தொட்டியை 20 முதல் 22 டிகிரிக்குள் வைப்பதும், நீரில் காற்றுக் குமிழி விடும் காற்றுக்கல்லை எந்நேரமும் ஓட விடுவதும் எந்தச் சத்துத்தூள் மாற்றத்தையும்விடப் பெரிய பலன் தரும். தொட்டிக்கு வெளிச்சம் புகாத மூடியும் வேண்டும். இந்தக் கலவையின் 50 மி.கி. பாஸ்பரஸ் பாசிக்குப் பிடித்த உணவு. பாசி வந்தால் கரையோர ஈக்கள் வரும், அவை பித்தியத்தைத் தொட்டிக்குத் தொட்டி சுமக்கும்.

அடிக்கடி நடக்கும் தவறை இங்கே அழுத்திச் சொல்ல வேண்டும். வேர் அழுகத் தொடங்கிய செடி மேலே சத்துக்குறைபாடு போலவே தெரியும்: இளம் இலை வெளுக்கும், நண்பகலில் துவளும், மாலையில் நிமிரும். பார்ப்பவர் இரும்பு போதவில்லை என்று கலவையைக் கூட்டுவார். இ.சி. ஏறும். காயம்பட்ட வேர் உப்பழுத்தத்தில் இன்னும் சுருங்கும், இரண்டே நாளில் செடி படுத்துவிடும். கூட்டும் முன் ஒரு செடியை எடுத்து வேரை இரு விரலால் மெல்ல இழுத்துப் பார்க்க வேண்டும். வெளித்தோல் உறைபோல் கழன்று நடுவில் நூல்போல நரம்பு மட்டும் நின்றால் அது பித்தியம். அப்போது செய்ய வேண்டியது கலவையைக் குறைப்பது, குளிர்விப்பது, அந்தச் செடியை அப்புறப்படுத்துவது. வேர் வெறுமனே பழுப்பாக, ஆனால் உறுதியாக இருந்தால் பெரும்பாலும் சாயமோ இரும்புப் படிவோதான், பதற வேண்டாம்.

நிலையான அளவில் கலக்கிய கரைசலின் இ.சி., தண்ணீரின் சொந்த இ.சி.யைக் கழித்தால், சுமார் 1.5 முதல் 1.8 மில்லிசீமென்ஸ்/செ.மீ. வரை இருக்கும். லெட்டூஸுக்கு 1.2 முதல் 1.8, வெள்ளரிக்கு 1.8 முதல் 2.5, தக்காளிக்கு 2.0 முதல் 3.5 என்ற எல்லைகளை மீறாமல் இருந்தால் வேர் காயப்படாது. வெயில் நாளில் செடி சத்தைவிடத் தண்ணீரைத்தான் அதிகம் குடிக்கும். குறைந்த அளவை முழுக் கரைசலால் நிரப்பிக்கொண்டே போனால் இ.சி. மெல்ல மேலேறும். பாதி அடர்த்தியில் நிரப்பி, இரண்டு வாரத்துக்கொரு முறை தொட்டியை முழுவதும் மாற்றுவது சிறு தொட்டிகளுக்கு ஏற்ற வழி.

பி.எச்.சும் இரும்பும்

நைட்ரேட் மிகுந்த கரைசலில் பி.எச். மேலே ஏறும், அது குறையல்ல, இயல்பு. ஆனால் மாஸ்டர்பிளெண்டில் இரும்பு, அதைக் கரைந்த நிலையில் பிடித்து வைக்கும் ஈ.டி.டி.ஏ. என்ற வேதிக் கட்டில் இருக்கிறது. 6.5-க்கு மேல் அந்தக் கட்டு தளரும், இரும்பு துருவாகப் படியும். டி.டி.பி.ஏ. என்ற இன்னொரு கட்டிலுள்ள இரும்பு ஏறத்தாழ 7.5 வரை தாங்கும். தினமும் பி.எச். பார்க்க முடியாதவர்கள் லிட்டருக்கு 1 மி.கி. இரும்பு கிடைக்கும்படி டி.டி.பி.ஏ. வகையைத் தனியே சேர்த்துக்கொள்ளலாம். 6 விழுக்காட்டுத் தூள் என்றால் 100 லிட்டருக்கு 1.7 கிராம். கிருமி நீக்கப் புற ஊதா விளக்கு பொருத்தியவர்களுக்கு இது இன்னும் முக்கியம்: அந்த ஒளி இரும்புக் கட்டுகளை உடைக்கும். விளக்கு பித்தியத்தைக் குறைக்கும், இரும்பையும் குறைக்கும். அதன் பின் வரும் மஞ்சளை நோய் என்று எண்ணிவிடக் கூடாது.

பி.எச்.சை 5.5 முதல் 6.2 வரை வைப்பது பெரும்பாலான பயிர்களுக்குப் பொருந்தும். இன்னும் கீழே போகலாமா? அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் பேசில் என்ற மணக்கீரைச் செடியை வைத்து 2020-இல் வெளிவந்த ஆய்வில் பி.எச். 4.0 வரை இறக்கியபோது பித்தியம் வேரழுகல் வெகுவாக அடங்கியது. ஆர்வமூட்டும் வழிதான். ஆனால் அந்த பி.எச்.சில் சத்து உறிஞ்சும் விதமே மாறும், எல்லாப் பயிரும் பேசிலைப் போலத் தாங்காது. ஒரு தனித் தொட்டியில் பத்துச் செடிகளோடு சோதித்த பிறகே வரிசைக்குக் கொண்டுவர வேண்டும்.

இதில் இல்லாததும், அளவு மிஞ்சியதும்

சிலிக்கான் இல்லை. வெள்ளரி வளர்ப்பவருக்கு இது உண்மையான குறை. லிட்டருக்கு 100 மி.கி. சிலிக்கா கிடைக்கும்படி பொட்டாசியம் சிலிக்கேட் சேர்த்த வெள்ளரியில் சாம்பல் நோயும் பித்தியமும் குறைவதை 1990-களிலேயே கனடா ஆய்வாளர்கள் காட்டினார்கள். லேபிளில் சிலிக்கா 10 விழுக்காடு என்றிருந்தால் லிட்டருக்கு 1 கிராம். இது வலுவான காரம். வெறும் தண்ணீரில் முதலில் ஊற்றிக் கலக்கி, பி.எச்.சை 6 அருகே இறக்கி, அதன் பிறகே மாஸ்டர்பிளெண்ட். மற்ற அடர்கரைசலோடு சேர்த்தால் கூழாகிவிடும். கொடுப்பதை நிறுத்தினால் புதிய இலைக்குக் காப்பு இல்லை என்பதால் தொடர்ந்து கொடுக்க வேண்டும். தக்காளியும் லெட்டூஸும் சிலிக்கானைக் குறைவாகவே ஏற்கும். அவற்றுக்கு இந்தச் செலவு அவசியமில்லை.

போரான் 1.27 மி.கி. என்பது பொதுவான கரைசல்களின் அரை மி.கி.யைவிடக் கணிசமாக அதிகம். தக்காளி தாங்கும். தண்ணீரிலேயே போரான் உள்ள இடத்தில் வெள்ளரி, பீன்ஸ் போன்றவற்றில் முதிர்ந்த இலை ஓரம் காய்ந்து, பூசணத்துக்கு இடம் கொடுக்கும். மேலே சொன்ன 0.5 கிராம் அளவில் இது 1 மி.கி.க்கு இறங்கும். தாமிரமும் துத்தநாகமும் நீந்தும் வித்துகளுக்குப் பகைதான் என்றாலும், அதை நம்பி அவற்றைத் தனியே கூட்டுவது வேரையே நஞ்சாக்கும்.

பாஸ்பரஸ் பற்றி ஒரு எச்சரிக்கை. பாஸ்பைட் என்பது வேறு, பாஸ்பேட் என்பது வேறு. பாஸ்பைட் பித்தியத்தையும் அதன் உறவான ஃபைட்டாப்தோராவையும் அடக்கும். ஆனால் செடி அதைப் பாஸ்பரஸ் உணவாகப் பயன்படுத்தாது. சத்து என்ற பெயரில் பாஸ்பைட் கலந்து விற்கப்படும் திரவங்கள் உண்டு. மாஸ்டர்பிளெண்டைக் குறைத்துவிட்டு அதை ஈடாக ஊற்றினால் செடி பட்டினி கிடக்கும். உண்ணும் இலையில் எச்சமும் தங்கும் என்பதால், அந்தந்த நாட்டில் அனுமதித்த பயிருக்கும் அளவுக்கும் மட்டுமே.

பேசிலஸ் சப்டிலிஸ், ட்ரைக்கோடெர்மா போன்ற நன்மை நுண்ணுயிர்கள் இந்தக் கரைசலில் உயிரோடு இருக்கும். நாற்றுப் பருவத்திலேயே, நோய் வருமுன் வேரில் குடியேற்ற வேண்டும். அழுகிய பின் ஊற்றுவதில் பயனில்லை. அதே தொட்டியில் ஹைட்ரஜன் பெராக்சைடோ குளோரினோ ஊற்றுவது ஒரு கையால் நட்டு மறுகையால் பிடுங்குவது. இரண்டில் ஒன்றைத் தேர்ந்துகொள்ள வேண்டும். குளோரின் பக்கம் போனால், அது கரைசலில் உள்ள கொஞ்ச அம்மோனியத்தோடு சேர்ந்து குளோரமீனாகி வேரைச் சுடும் என்பதையும் கணக்கில் எடுக்க வேண்டும். செடி இல்லாத நேரத்தில் குழாய், தொட்டியைப் படலம் போகத் தேய்த்துக் கழுவி, 0.5 விழுக்காடு சோடியம் ஹைப்போகுளோரைட்டில் பத்து நிமிடத்துக்குக் குறையாமல் ஊற வைத்து, நன்றாக அலசிவிட்டு அடுத்த நாற்றை வைப்பதே குளோரினுக்குச் சரியான வேலை. தேய்க்காமல் ஊற்றினால் மருந்து படலத்தின் மேலோடு போய்விடும். அடியில் இருக்கும் பித்தியம் அடுத்த பயிருக்காகக் காத்திருக்கும்.

யாருக்கு இது ஏற்றது? 0.1 கிராம் துல்லியத் தராசும், இ.சி., பி.எச். மீட்டர்களும் வைத்திருந்து வாரம் இருமுறையாவது பார்ப்பவருக்கு. அவர் நுனிக் கருகல் கண்டால் கால்சியம் நைட்ரேட்டை மட்டும் ஏற்றலாம், சாம்பல் நோய் கண்டால் நைட்ரஜனை நிறுத்திப் பிடிக்கலாம். தராசு இல்லாமல் கரண்டிக் கணக்கில் ஊற்றப் போகிறவருக்கு, இரண்டு புட்டிகளாக வரும் நல்ல ஏ-பி திரவமே பொருந்தும். அதில் கால்சியத்தைத் தனியே அசைக்க முடியாது, அளவும் பெரிதாகத் தவறாது.